அப்பாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போச்சு: மறுபடியும் கரண்ட் வைக்கலாமா, ஊசி போடலாமா? (சேலம்)

அம்மாபேட்டை தறிவீடு
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு. பட்டுத்தறி, குழித்தறிதான். வலது கையால கயிறு இழுத்து நாடா ஓட்டுறவர். ஆடியில ஆரம்பிச்ச தோள்பட்டை வலி. முதல்ல தறியில உக்காந்தா மட்டும்தான் வலிச்சுது. இப்ப ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுத்தாலே எழுந்து உக்காந்துக்கிறார். வேட்டியைப் பின்னால சொருக முடியல. டவுன் பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்க முடியல. சட்டையை நான்தான் மாட்டி விடறேன்.

பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம். "பெரிஆர்த்ரைட்டிஸ்"னு சொல்லி மாத்திரை கொடுத்து, கரண்ட்டும் அல்ட்ராசவுண்டும் ஒரு கோர்ஸ் எழுதினாங்க. மெஷின் ஓடுற வரைக்கும் சுகமா இருக்குங்கிறார். வீட்டுக்கு வந்தா பழைய கதைதான். இப்ப இன்னொரு கோர்ஸ் எடுக்கச் சொல்றாங்க. சித்தப்பா "ஊசி போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்"ங்கிறார். எதிர்வீட்டு அத்தை "ஊசி போட்டா எலும்பு கரைஞ்சிடும்"ங்கிறாங்க. அப்பாவுக்கு ரொம்ப நாளா சுகர் வேற. யார் சொல்றதைக் கேக்கறதுன்னே தெரியல.

கொண்டலாம்பட்டி மாமா
கரண்ட்டு கிரண்ட்டுன்னு காசைக் கரைக்காதம்மா. வாத எண்ணெயைச் சூடு பண்ணித் தேச்சு, நொச்சி இலை ஒத்தடம் கொடு. வர்மம் தெரிஞ்சவங்ககிட்ட தடவி எடுத்தா போதும். நான் பாக்காத தோள்பட்டையா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
எனக்கும் இதே வலி வந்துச்சுங்க. வெள்ளிக் கொலுசு பாலிஷ் வேலை, நாள் முழுக்க கை அந்தரத்துலயே நிக்கும். கையைப் பக்கவாட்டுல தூக்கினா பாதி உயரத்துல சுரீர்னு வலிக்கும், அதைத் தாண்டி மேல போயிட்டா வலி இருக்காது. ஸ்கேன்ல "சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டினோபதி"னு வந்துச்சு. பிசியோல கரண்ட்டே வைக்கல. ஒரு ரப்பர் பேண்டைக் கையில கொடுத்து இழுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். மூணு மாசம் கிட்ட ஆச்சு, இப்ப வேலைக்குப் போறேன். ஊசியெல்லாம் வேண்டாம், அப்பாவுக்கும் பேண்ட் வாங்கிக் கொடுங்க.

ஐந்துரோடு பிசியோ
பட்டறை அண்ணனுக்குச் சரியானது தறிவீட்டு அப்பாவுக்கும் சரிப்படும்னு சொல்ல முடியாதுங்க. ரெண்டும் தோள்பட்டை வலிதான், ஆனா நோய் வேற. அது தெரியாம "எந்த மெஷின் நல்லது"ன்னு பேசி ஒரு பிரயோஜனமும் இல்ல. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

தோள் மூட்டைச் சுத்தி நாலு சின்னத் தசைகள் இருக்கு: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். இந்த நாலோட தசைநாணும் சேர்ந்து கை எலும்போட உருண்டையைக் குழியில பிடிச்சு வைக்குது. அதான் ரொட்டேட்டர் கஃப். இந்த நாண்கள் தாங்கற அளவுக்கு மேல வேலை விழுந்தா, இல்ல திடீர்னு வேலை கூடினா, அதுல வலி வரும். பக்கவாட்டுல தூக்கறப்ப சுமார் 60 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் நடுவுல வலிச்சு, அப்புறம் விட்டுடறது அதோட வழக்கம். பட்டறை அண்ணன் சொன்னது அச்சா அதுதான்.

ரெண்டாவது வகையில இறுகிப் போறது நாண் இல்ல, மூட்டை மூடியிருக்கிற உறை. உறை வீங்கி, தடிச்சு, சுருங்கிடும். அதான் ஃப்ரோசன் ஷோல்டர். 1934ல காட்மன்ங்கிற அமெரிக்க சர்ஜன் வெச்ச பேரு. 40ல இருந்து 60 வயசுக்குள்ள இருக்கறவங்க, அதுலயும் பெண்கள், சுகர் இருக்கறவங்க, தைராய்டு இருக்கறவங்களுக்கு அதிகம் வரும். "பெரிஆர்த்ரைட்டிஸ்"ங்கறது ரெண்டுக்கும் பொதுவா எழுதற பழைய பேரு. சீட்டுல அது மட்டும் இருந்தா எந்த வகைன்னு தெரியாது.

வீட்லயே ஒண்ணு பாருங்க. அப்பாவை மல்லாக்கப் படுக்க வைங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, கையை 90 டிகிரி மடக்கி, விரல் கூரையைப் பாக்கற மாதிரி வைங்க. முதல்ல நல்ல கையை, முழங்கை விலாவை விட்டு நகராம, நீங்க மெதுவா வெளிப்பக்கம் சாய்ச்சுப் பாருங்க. அப்புறம் வலிக்கிற கை. அவர் கையைத் தளர விட்டுட்டு நீங்க சாய்க்கணும், அதான் முக்கியம். வலி பொறுக்கற இடத்தோட நிறுத்திடுங்க. நீங்க சாய்ச்சும் பாதி தூரம்கூடப் போகாம சுவர்ல முட்டின மாதிரி நின்னா, உறை இறுகியிருக்கு. அவரா செய்யறப்ப வலிச்சு, நீங்க சாய்க்கறப்ப நல்லாப் போனா, சந்தேகம் நாண் பக்கம். இது முழு பரிசோதனை ஆகாது, ஆனா அடுத்து என்ன கேக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

ஒரு எக்ஸ்ரேயும் எடுத்திருக்கணும். மூட்டுத் தேய்மானத்துலயும் இதே மாதிரி இறுக்கம் வரும், அது இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும்.

அம்மாபேட்டை தறிவீடு
பாத்தோம் அக்கா. இடது கை ஏறக்குறைய படுக்கை வரைக்கும் சாயுது. வலது கை கொஞ்சம் சாஞ்சு அப்படியே நின்னுடுச்சு. நான் அழுத்தல, ஆனாலும் மொத்த உடம்பும் கையோட சேர்ந்து திரும்புது. எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. HbA1c (மூணு மாச சுகர் சராசரி) பாத்து ரொம்ப நாளாச்சு, எடுக்கணும்.

அஸ்தம்பட்டி அக்கா
கண்ணு, அப்ப அது ஃப்ரோசன் ஷோல்டர்தான் போல. எனக்கு முதல்ல இடது பக்கம் வந்து, அது விட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வலது பக்கமும் வந்துச்சு. எனக்கு தைராய்டு. ஜாக்கெட் கொக்கி போட முடியாது, ஜடை பின்ன முடியாது, தலைக்கு ஊத்தினா மக வந்து துவட்டி விடணும். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வெளிய சொல்லவே கூச்சமா இருக்கும்.

நான் முக்கியமாச் சொல்ல வந்தது இதுதான். வலி உச்சத்துல இருந்தப்ப ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) ஒருத்தர் என் கையைப் பிடிச்சு "இறுக்கத்தை உடைக்கிறேன்"னு மேல தூக்கி அழுத்தினார். கண்ணுல பூச்சி பறந்துச்சு. "வலிச்சாத்தான்மா சரியாகும்"னு பேச்சு வேற. அன்னிக்கு ராத்திரியில இருந்து கை அசைக்கவே விடல. அப்புறம் வேற இடம் போனேன். அங்க ஒரு பொண்ணு முதல்ல கேட்டது "ராத்திரி எத்தனை தடவை முழிக்கறீங்க?"ன்னு. தூக்கம் வர்ற வரைக்கும் இழுக்கவே மாட்டேன்னுட்டா. அங்கதான் சரியாச்சு.

குரங்குச்சாவடி வாசகன்
அக்கா சொன்னதற்கு ஆதாரமே உண்டு. நெதர்லாந்தில் டீர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 77 உறைதோள் (ஃப்ரோசன் ஷோல்டர்) நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வலியை மீறிய தீவிர பிசியோதெரபி. மற்றவர்களுக்கு வலி எல்லைக்குள் எளிய பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டாம் பகுதியினரில் 89 சதவீதம் பேர் இயல்புக்கு அருகில் வந்திருந்தார்கள். இழுத்துப் பிடித்த பகுதியில் 63 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல, அந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

என் கேள்வி வேறு. ஃப்ரோசன் ஷோல்டர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் தானே தளரும் என்கிறார்கள். அப்படியானால் மெஷின், மசாஜ், சிட்டிங் எல்லாம் எதற்கு? தசைநாண் வலியிலும் இதே கதைதான். 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கிராஸ்ப் ஆய்வில், பிரிட்டனில் 708 பேர். ஒரே ஒரு முறை பிசியோவிடம் ஆலோசனை பெற்றவர்களும், பல முறை சென்று படிப்படியாகப் பயிற்சி செய்தவர்களும் ஓராண்டில் ஒரே நிலைக்குத்தான் வந்தார்கள். ஊரில் கோர்ஸ் கோர்ஸாக எழுதித்தருவது யாருக்காக?

ஐந்துரோடு பிசியோ
கோர்ஸ் விஷயத்துல நீங்க கேக்கறது நியாயம். எங்க தொழில்ல இருந்துக்கிட்டே சொல்றேன்: படுக்க வெச்சு, பேட் ஒட்டி, டைமர் போட்டுட்டு போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது பிசியோதெரபியே இல்ல. ஐஎஃப்டி, டென்ஸ்னு சொல்ற கரண்ட் மெஷின் எல்லாம் அந்த நேரத்து வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். தோள்பட்டைக்கு அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பெரிய பலன்னு நிரூபணம் ஆகல. ஷாக்வேவ்ங்கறது நாண்ல சுண்ணாம்பு படிஞ்சு வலிக்குதே, கால்சிஃபிக் டெண்டினைட்டிஸ், அதுக்கு உதவும். தோள்பட்டைன்னு வந்த எல்லாருக்கும் அதை ஓட்டறது வியாபாரம்.

ஆனா கிராஸ்ப் ஆய்வை நீங்க சொன்ன மாதிரி "ஒண்ணும் வேண்டாம்"னு படிக்க முடியாது. அந்த "ஒரே முறை" ஒரு மணி நேரம் வரைக்கும் போற சந்திப்பு. பரிசோதிச்சு, விளக்கி, வீட்ல செய்யற பயிற்சியைக் கையில கொடுத்து அனுப்பினாங்க. அவங்களும் வீட்ல பயிற்சி செஞ்சாங்க. அப்படி ஒரு மணி நேரம் இங்க யார் கொடுக்கறா? அதுல உறைதோள்காரங்களைச் சேர்க்கவும் இல்ல.

"தானா சரியாகும்"ங்கறதையும் பாதிதான் ஒத்துக்குவேன். வருஷக்கணக்குல காத்திருந்தா பெரும்பாலும் தளரும், உண்மை. ஆனா பல பேருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருக்கும், சுகர் உள்ளவங்களுக்கு அது அதிகம். காத்திருக்கற காலத்துல தறி யார் ஓட்டறது? வலி குறைச்சு, தூக்கம் கொடுத்து, இருக்கற அசைவைக் கைவிடாமப் பாத்துக்கறதுதான் எங்க வேலை. ரெண்டு வருஷத்தை ரெண்டு வாரமாக்கறேன்னு யார் போர்டு வெச்சாலும் நம்பாதீங்க.

குரங்குச்சாவடி வாசகன்
ஒரு மணி நேர விஷயத்தை ஏற்கிறேன். மற்றது இன்னும் திறந்த கேள்விதான். உறைதோளுக்கு மட்டுமான பெரிய ஆய்வு யூகே ஃப்ராஸ்ட், 2020, அதுவும் லான்செட்தான். 503 பேர். மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தல், துளை வழியாக உறையை வெட்டித் தளர்த்தும் அறுவை, ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோ என மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டில் மூன்றில் எதுவும் மற்றதைவிடப் பெரிதாகச் சிறந்து நிற்கவில்லை. எனவே முதலிலேயே "ஆபரேஷன்" என்று சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

மலைமேல் மிளகு
ஏற்காட்டுல இருந்து எழுதறேன். இழை முழுக்க இறுக்கத்தைப் பத்தியே போகுது. எங்க கதை வேற மாதிரி, யாருக்காவது உதவும்.

எங்க தோட்டத்துல காப்பிக்கு நிழலா நிக்கிற சில்வர் ஓக்லதான் மிளகுக் கொடி ஏத்தியிருக்கு. பறிக்கறப்ப ஒத்த மூங்கில் ஏணி, அதுல கணுவை மிதிச்சு ஏறணும். போன பறிப்புல எங்கண்ணன் ஏணி சறுக்கி, விழாம இருக்க ஒரு கையால கொடியைப் பிடிச்சுத் தொங்கிட்டார். தோள்ல "டப்"னு சத்தம் கேட்டுச்சாம். அப்புறம் கையை அவரால பக்கவாட்டுல தூக்கவே முடியல. ஆனா நான் பிடிச்சுத் தூக்கினா முழுசா மேல போகும். விட்டா தொப்புனு விழும். கீழ ஒரு இடத்துல ஃப்ரோசன்னு சொல்லிக் கரண்ட் வெச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் வேற எலும்பு டாக்டர் பாத்துட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னதும் தெரிஞ்சுது, நாண் முழுசா அறுந்திருக்கு. "முன்னாடியே வந்திருந்தா தைக்கறது சுலபம், நாள் ஆக ஆக நாண் உள்ள சுருங்கிப் போகும்"னார். ஆபரேஷன் முடிஞ்சு இப்ப பெல்ட் மாட்டி உக்காந்திருக்கார்.

பிசியோ மேடம் சொன்ன "அவரா செய்யறது, நாம செய்யறது" பரீட்சையை அப்பவே யாராவது செஞ்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.

ஐந்துரோடு பிசியோ
ரொம்ப முக்கியமான பதிவு. விழுந்த பிறகோ, வெடுக்குனு இழுபட்ட பிறகோ கை தூக்க முடியலைன்னா மெஷின் பக்கமே போகாம நேரா எலும்பு டாக்டர்கிட்ட போங்க. அதோட இதையும் குறிச்சுக்குங்க: இடது தோள்ல வலி, கூடவே நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்கல்னா அது தோள் பிரச்சனையாவே இல்லாம இருக்கலாம், எமர்ஜென்சிக்கு ஓடுங்க. காய்ச்சலோட மூட்டு சிவந்து கொதிச்சாலும், கை மரத்துப் பலம் குறைஞ்சாலும், காரணமில்லாம எடை இறங்கினாலும் பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர் பாக்கணும்.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன். அறுபது தாண்டின பல பேருக்கு ஸ்கேன்ல நாண் கிழிசல் தெரியும், வலியே இருக்காது. அதனால விழாத, பலம் குறையாத ஆளுக்கு ரிப்போர்ட்ல "பார்ஷியல் டியர்"னு வந்ததும் ஜவ்வு கிழிஞ்சுடுச்சுன்னு அலற வேண்டாம்.

அம்மாபேட்டை தறிவீடு
அப்ப அப்பாவுக்கு ஊசி போடலாமா கூடாதா? எலும்பு கரையும்ங்கறது நிஜமா?

ஐந்துரோடு பிசியோ
ஊசி போடறது டாக்டர் முடிவு, நான் போடறவ இல்ல. ஆனா எங்ககிட்ட வர்றவங்களைப் பாத்துச் சொல்றேன். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கற ஆரம்பக் கட்டத்துல மூட்டுக்குள்ள போடற ஸ்டீராய்டு ஊசி வலியை நல்லாக் குறைக்கும். சில வாரம், சில பேருக்கு ஒண்ணு ரெண்டு மாசம். அந்த இடைவெளியில பயிற்சி செஞ்சாத்தான் ஊசிக்கு அர்த்தம். ஊசி போட்டுட்டு சும்மா இருந்தா வலி திரும்பறப்ப இறுக்கம் அப்படியே உக்காந்திருக்கும். ஒரு ஊசில எலும்பு கரையாது. திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே போனாத்தான் நாணுக்குக் கெடுதல். சித்தப்பா சொன்ன "ஒரே நாள்"ங்கறதும் இல்ல.

சுகர் விஷயம்தான் அப்பாவுக்குப் பெரிசு. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும். முதல்லயே HbA1c பாத்துட்டு, சுகர் டாக்டர்கிட்ட சொல்லிட்டு, வீட்ல குளுக்கோமீட்டர் வெச்சுக்கிட்டுப் போடுங்க. சர்க்கரை கட்டுப்பாடே இல்லாத நேரத்துல டாக்டரே தள்ளிப்போடலாம்.

கொண்டலாம்பட்டி மாமா
எல்லாரும் லான்செட்டு, எம்ஆர்ஐனு பேசறீங்க. சித்த வைத்தியத்துல இதுக்குக் கும்பவாதம்னு பேரே வெச்சிருக்காங்க, தொக்கணம் பண்ணி, அதாவது தடவி அமுக்கி விட்டு, ஒத்தடம் கொடுத்து எத்தனை பேருக்கு இறங்கியிருக்கு தெரியுமா? உங்க ஹாட் பேக்கும் ஒத்தடம்தானே?

ஐந்துரோடு பிசியோ
ஒத்தடம்தான் மாமா, அதுல சண்டையே இல்ல. பயிற்சிக்கு முன்னாடி சூடு கொடுத்தா தசை தளரும், வலி கொஞ்சம் அடங்கும். நொச்சி ஒத்தடம் பிடிச்சிருந்தா கொடுக்கட்டும். ரெண்டே நிபந்தனை. சுகர் ரொம்ப நாளா இருக்கறவங்களுக்குத் தோல்ல உணர்ச்சி மந்தமா இருக்கும், சூடு தெரியாம கொப்புளம் போட்டுக்கிட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன். அதனால முதல்ல வீட்ல இன்னொருத்தர் தன் முன்கையில வெச்சுப் பாக்கணும். அடுத்தது, எண்ணெய் போடலாம், முறுக்கி இழுக்கக் கூடாது. அரசு சித்த மருத்துவர்கிட்ட போனா அவங்களே அதைச் சொல்வாங்க. போர்டு மட்டும் மாட்டியிருக்கற இடம்னா என்ன படிச்சிருக்காங்கனு கேளுங்க. அதையே எங்களையும் கேளுங்க: பிசியோதெரபிக்கு பிபிடி, இன்டர்ன்ஷிப்போட சேர்ந்த பட்டப் படிப்பு. கிளினிக்ல மெஷின் மாட்டி விடறவங்க எல்லாரும் பிசியோ இல்ல.

பேஸ்மேக்கர் இருக்கறவங்க ஐஎஃப்டியோ டயத்தெர்மியோ (உள்ள சூடு ஏத்தற மெஷின்) வைக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து சொல்லிடுங்க. கேக்காத இடமும் இருக்கு.

கொண்டலாம்பட்டி மாமா
சரி, முறுக்கி இழுக்கறதை நானும் ஒத்துக்க மாட்டேன். தடவறது வேற, முறுக்கறது வேற.

அம்மாபேட்டை தறிவீடு
சரி அக்கா, வீட்ல என்ன பயிற்சி? தறி ஓட்டலாமா?

ஐந்துரோடு பிசியோ
உங்க அப்பாவை நான் தொட்டுப் பாக்கல, அதனால இதையே மருந்துச்சீட்டா எடுத்துக்காதீங்க. வலி அதிகமா இருக்கற கட்டத்துல பொதுவா நான் கொடுக்கறது இதுதான்.

முதல்ல தூக்கம். மல்லாக்கப் படுத்தா முழங்கைக்கு அடியில தலையணை, கை பின்னால சரியக் கூடாது. நல்ல பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா முன்னால ஒரு தலையணையைக் கட்டிப் பிடிச்ச மாதிரி கையை அதுமேல வைக்கணும். இதுல மட்டுமே பாதிப் பேருக்கு ராத்திரி கொஞ்சம் கண்ணசரும்.

அடுத்து பெண்டுலம். நல்ல கையை மேசைமேல ஊனிக் குனிஞ்சு, வலிக்கிற கையைக் கிணத்துக் கயிறு மாதிரி தொங்க விடணும். கையை ஆட்டக் கூடாது, இடுப்பை ஆட்டினா கை தானா ஆடும். இங்கதான் முக்காவாசிப் பேர் தப்பு பண்றாங்க, தோளை இறுக்கி வெச்சுக்கிட்டுக் கையைச் சுத்துவாங்க. அப்படிச் செஞ்சா தசை தளராது.

மூணாவது குச்சிப் பயிற்சி. நான் சொன்ன பரீட்சை நிலையிலயே மல்லாக்கப் படுத்து, முழங்கைக்கு அடியில மடிச்ச துண்டு, ரெண்டு கையாலயும் ஒரு குச்சியைப் பிடிச்சு, நல்ல கையால தள்ளி வலிக்கிற கையை வெளிப்பக்கம் சாய்க்கணும். உறைதோள்ல முதல்ல போறதும் அதிகமாப் போறதும் இந்த அசைவுதான். நிறைய பேர் இதை விட்டுட்டு மேல தூக்கறதையே பழகிக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் மேசைமேல துண்டை விரிச்சு, அதுமேல கையை வெச்சு, உடம்பை முன்னால சாய்ச்சு சறுக்கறது.

ஒரே தடவையா அரை மணி நேரம் செய்யறதைவிட, நாலஞ்சு நிமிஷமா பிரிச்சு ஒரு நாள்ல பல தடவை செய்யறது நல்லது. வலி வரலாம், ஆனா கொஞ்ச நேரத்துல அடங்கிடணும். அன்னிக்கு ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் பாதியாக் குறைங்க.

கிளினிக் போனா மூட்டை மெதுவா சறுக்கி விடற கை வைத்தியம் இருக்கு, மெயிட்லண்ட்னு சொல்வாங்க. வலிக் கட்டத்துல லேசான கிரேடு ஒண்ணு, ரெண்டு. வலி விட்டு இறுக்கம் மட்டும் மிச்சம் இருக்கற கட்டத்துல மூணு, நாலு. போற இடத்துல கோனியோமீட்டர் வெச்சு எத்தனை டிகிரின்னு அளந்து எழுதறாங்களான்னு பாருங்க. அளக்காத இடத்துல முன்னேற்றம்னு எதைக் காட்டுவாங்க?

தறியைப் பத்தி நெசவு தெரிஞ்சவங்கதான் சொல்லணும், எனக்கு அந்தக் குழிக்குள்ள உக்காந்து பழக்கமில்ல.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
எங்க மாமனார் வீடு குகைப் பகுதியில, அவங்களும் தறிதான். கயிறு இழுக்கற கைப்பிடி மேல இருந்தா தோள் ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கும். கயிறை நீட்டிக் கைப்பிடியை வயித்து உயரத்துக்கு இறக்கிக் கட்டினாங்க. முழங்கை விலாவோட ஒட்டியே இருக்கும், மணிக்கட்டும் முழங்கையும்தான் வேலை செய்யும். உக்கார்ற பலகையையும் ஒரு பலகை போட்டு உயர்த்தினாங்க. முழுப் புடவைக்கு உக்காராம கொஞ்ச கொஞ்ச நேரமா ஓட்டினார். என் விஷயத்துல பாலிஷ் மோட்டாரையே தாழ இறக்கிட்டேன், பேண்ட் பாதி, அது பாதி.

குரங்குச்சாவடி வாசகன்
இதைத்தான் எந்த ஆய்விலும் பார்க்க முடிவதில்லை. கைப்பிடியை ஒரு சாண் இறக்கிக் கட்டுவது எந்த மெஷினைவிடவும் மலிவு.

மலைமேல் மிளகு
அண்ணனுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் பிசியோ அடிக்கடி வேணும்ங்கறாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ல உக்கார இடம் கிடைக்கலைன்னா ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சு நிக்கணும், இன்னொரு கை பெல்ட்டுல. வளைவுக்கு வளைவு உயிர் போகுதுங்கறார். வேற வழி இருக்கா?

அஸ்தம்பட்டி அக்கா
மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வர்றாங்களே தம்பி, 2021ல ஆரம்பிச்சாங்க. உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆபரேஷன் சீட்டோட போய்ப் பேர் கொடுங்க. கீழ வர்ற அன்னிக்கு ஜி.ஹெச்.ல பிசியோ பிரிவையும் பாத்துட்டுப் போங்க, காசு கிடையாது. என்ன, வரிசையில நிக்கணும்.

ஐந்துரோடு பிசியோ
சேர்த்துச் சொல்றேன்: தையல் போட்ட நாணுக்கு ஆரம்ப வாரங்கள்ல அவரா கையைத் தூக்கவே கூடாது. எந்த வாரம் எது செய்யலாம்னு ஆபரேஷன் செஞ்ச டாக்டர் எழுதிக் கொடுப்பார், வீட்டுக்கு வர்றவங்ககிட்ட அந்தத் தாளைக் காட்டுங்க. இந்த இழையில நான் சொன்ன எந்தப் பயிற்சியையும் அண்ணனுக்குக் கொடுக்காதீங்க.

அம்மாபேட்டை தறிவீடு
HbA1c 9.1 வந்திருக்கு. சுகர் டாக்டர் மாத்திரையை மாத்தியிருக்கார், கொஞ்சம் இறங்கின பிறகு ஊசியைப் பத்திப் பேசலாம்னார். ரெண்டாவது கோர்ஸ் கரண்ட் எடுக்கல. வேற ஒரு பிசியோகிட்ட போனோம், உள்ள நுழைஞ்சதும் டிகிரி அளந்து எழுதினாங்க. வெளிப்பக்கம் 15ன்னு வந்துச்சு. குச்சிப் பயிற்சிக்கு அப்பா பழைய ஊடைக் குச்சியை எடுத்துக்கிட்டார். தலையணை வெச்ச பிறகு ராத்திரி ஒரு தடவைதான் எழுந்துக்கறார். கயிறு இறக்கிக் கட்டியாச்சு, ஆனா தறியில உக்காரக் கூடாதுன்னு அம்மா உத்தரவு. தினமும் அதுக்கு ஒரு சண்டை நடக்குது வீட்ல.

புதுசா வந்தவன் ஓமலூர்
இழையை முழுசாப் படிச்சேன். எனக்குப் பட்டறை அண்ணன் மாதிரி பாதி உயரத்துல வலி, நாண்னு டாக்டரும் சொல்லிட்டார். பேண்ட் ஆன்லைன்ல பாத்தா மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம்னு இருக்கு. எதை வாங்கறது?

ஐந்துரோடு பிசியோ
தெராபேண்ட் கம்பெனி வரிசையில மஞ்சள் இளசு, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்புன்னு முறுக்கு ஏறும். வேற கம்பெனின்னா நிறத்தை நம்பாதீங்க. பேண்டுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு: முழங்கையை மடக்கி, புறங்கையால சுவரைத் தள்ளி அப்படியே நிறுத்திப் பிடிக்கறது, கை நகரக் கூடாது. அது வலி கூட்டாம வந்தா மஞ்சள், இல்ல சிவப்பு. கடைசி ரெண்டு மூணு இழுப்பு சிரமமா இருக்கணும், ஆனா தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. ஏறினா பேண்ட் கனம் அதிகம்னு அர்த்தம். மூணு மாசம் குறைஞ்சது, நாண் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
சிவப்பு ஒண்ணு என்கிட்ட சும்மா கிடக்கு. ஓமலூர்ல இருந்து டவுனுக்கு வந்தா சொல்லுங்க, தர்றேன். கதவுக் கொண்டியில கட்டி இழுக்காதீங்க, எங்க வீட்ல கொண்டி கழண்டு வந்துடுச்சு. ஜன்னல் கம்பிதான் சரி.